இலை உதிர்ந்த நாள் எது?

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் முதற்பொருளைப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் நாம் கரும்பலகையில் ஆறு சொற்களை எழுதுவது வழக்கம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். சென்ற ஆண்டு அப்பட்டியலை எழுதி முடித்துத் திரும்பியபோது, மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இதில் இலையுதிர் காலம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. சொல்வதற்கு உடனடியாக விடை எதுவும் நம்மிடம் இல்லை என்பதே காரணம்.

இலையுதிர் காலம் என்ற சொல் நமக்கு மொழிபெயர்ப்புகளின் வழியே பழகிய சொல். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்திறங்கிய ருஷ்ய நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, பொன்னிற பிர்ச் மரங்களும் ஈரச் சருகு மணமும் கண்ணால் காணாமலே நெஞ்சில் பதிந்துபோன காட்சிகள். நம் தெரு வேம்போ மாசியில் இலை கொட்டிப் பங்குனிக்குள் தளிர்த்துவிடும். நம் நிலத்து மரங்களில் பல நீர்ப்பஞ்சத்தை முன்னிட்டு இலைகளைக் கழிக்கின்றன. குளிரை முன்னிட்டு, ஒரு காடு முழுவதும் சில வாரங்களுக்குள் நிறம் மாறி உதிர்வது வேறு நிலத்தின் செய்தி. ஆகவே அந்த நிலத்தாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று புத்தகங்களைத் தேடத் தொடங்கினோம். தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அந்த நிலத்து அறிஞர்களும் இப்பருவத்தை வெகுகாலம் அரைக்கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள்.

மரம் செடிகளின் பருவ மாற்றங்களை நாள் குறித்து ஆராயும் துறைக்கு ஃபினாலஜி என்று பெயர். 1849-இல் பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ல் மோரன் இட்ட பெயர் அது. பருவநிகழ்வியல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். பெயருக்கு முன்பே செயல் இருந்தது. கியோட்டோ நகரின் செர்ரி மலர்ச்சியைப் பற்றிய குறிப்புகள் கி.பி. 812 வரை பின்னோக்கிச் செல்கின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார் 1736 முதல், ஓக் மரம் இலை விடும் நாள், தவளை கத்தும் நாள், குயிலினப் பறவை கூவும் நாள் என்று 27 அறிகுறிகளைத் தம் தோட்டத்தில் குறித்துவந்தார். அவருக்குப் பின் அவர் மரபினர் 1958 வரை அந்தக் குறிப்பேட்டைத் தொடர்ந்தனர். இருநூறாண்டுக்கும் மேலாக ஒரே குடும்பம் ஒரே வேலையைச் செய்திருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆனால் அந்த 27 அறிகுறிகளும் வசந்தத்தின் அறிகுறிகள்! ஸ்வீடனின் லின்னேயஸ் 1751-இல் வெளியிட்ட நூலில் தாவர நாள்காட்டி அமைக்கும் முறையை வகுத்தபோது, இலை விடுதல், பூத்தல், காய்த்தல் ஆகியவற்றோடு இலை உதிர்தலையும் ஒழுங்காகச் சேர்த்திருந்தார். பின்வந்தோரில் பலர் முன்னவற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியை நழுவவிட்டனர்.

இதற்கு மனிதரின் வசந்த மோகம் மட்டும் காரணமன்று. முதற்பூவுக்கு ஒரு நாள் உண்டு. நேற்று இல்லை, இன்று இருக்கிறது, எழுதிக்கொள்ளலாம். இலையின் முடிவுக்கு அத்தகைய நாள் கிடையாது. ஒரு மேப்பிள் மரத்தில் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஒரு கிளை சிவந்துவிடும்; மற்றவை இன்னும் ஒரு மாதம் பச்சையாக நிற்கும். ஒரு புயற்காற்று பச்சை இலைகளையும் ஒரே இரவில் கொட்டிவிடும். ஓக் மரமோ காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுவதும் விடாமல் வைத்திருக்கும். இதில் எந்த நாளை இலையுதிர்ந்த நாள் என்பது?

இந்தக் கேள்வியோடு நெடுநாள் அலைந்த ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், காங்கார்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். வால்டன் என்னும் நூலால் நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஹென்றி டேவிட் தோரோ. குளக்கரைக் குடிசையின் துறவியாகவும், ஒத்துழையாமையைப் பற்றி எழுதிக் காந்தியடிகளைக் கவர்ந்தவராகவும் மட்டுமே நாம் அவரை அறிந்திருக்கிறோம். பிழைப்புக்கு நில அளவைத் தொழில் செய்த அவர், 1850-களில் தம் ஊரின் நூற்றுக்கணக்கான தாவர வகைகள் முதலில் பூத்த நாள்களை ஆண்டுதோறும் குறித்துவைத்தார். தொப்பிக்குள் ஒரு தட்டு அமைத்து, பறித்த செடிகளை அதில் வைத்துச் சுமந்துவருவார். ஒரு பூவின் முதல் நாளைத் தவறவிடாமலிருக்கப் பல மைல் நடந்ததும் உண்டு. நாட்குறிப்புகளிலிருந்து அந்தத் தேதிகளைப் பெரிய தாள்களில் ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டு மாற்றியெழுதவும் செய்தார். ஊரார் அவரை வேலையற்றவர் என்று கருதியதில் வியப்பில்லை.

இலையுதிர் பருவத்தைப் பற்றி அவர் 1859-இல் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர் இறந்து சில மாதங்களுக்குப் பின் 1862 அக்டோபரில், அட்லாண்டிக் மன்த்லி இதழில் அது கட்டுரையாக வெளிவந்தது. புற்களின் ஊதாவில் தொடங்கி, செம்மேப்பிள், எல்ம், உதிர்ந்த இலைகள், சர்க்கரை மேப்பிள், கடைசியாகச் செவ்வோக் என்று, காடு நிறம் மாறும் வரிசையிலேயே அது நடக்கிறது. செப்டம்பர் 25 வாக்கில் இது, அக்டோபர் தொடக்கத்தில் அது என்று தேதிகளும் வருகின்றன. ஆனால் முதற்பூவுக்குக் கொடுத்ததைப் போன்ற ஒற்றைத் தேதியை இங்கே அவரால் கொடுக்க முடியவில்லை. வாக்கில், ஏறத்தாழ என்றுதான் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் அது உச்ச நிறம் கொள்ளும் வேளையில் ஓர் இலையை எடுத்து, அதன் உருவையும் வண்ணத்தையும் அப்படியே படியெடுத்து ஒரு புத்தகமாக்கும் எண்ணம் தமக்கு இருந்ததாக அதில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் உருவாகவே இல்லை. 1860 டிசம்பரில் வெட்டுண்ட மரங்களின் வளையங்களை எண்ணப்போன இடத்தில் பிடித்த சளி அவருடைய பழைய காசநோயைக் கிளறிவிட்டது. இறக்கும்போது அவருக்கு வயது 44.

அக்கட்டுரையில் நம்மை நிறுத்திய கருத்து ஒன்று உண்டு. இலை நிறம் மாறுவதை வாடுதல் என்று அவர் கொள்ளவில்லை. கனி பழுப்பதைப் போல இலையும் பழுக்கிறது என்றார். ஆங்கில வாசகருக்கு அது ஒரு புதுமையான உவமையாக இருந்திருக்கலாம். பழுத்த இலை, பழுப்பு என்று அன்றாடம் பேசும் நமக்கு அதில் உவமையே இல்லை. மொழிக்குள் அடங்கிக் கிடக்கும் இப்படிப்பட்ட பார்வைகளை நாம் பாடப்புத்தகத்தில் எப்போதாவது சுட்டிக்காட்டியிருக்கிறோமா என்றால் இல்லை. அது வேறு கதை.

பழுத்தல் என்ற சொல்லே அறிவியலுக்கும் பொருந்தியது. தோரோ உயிரோடிருந்த 1860-லேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹியூகோ ஃபான் மோல், இலைக்காம்பின் அடியில் தனியே ஓர் உதிர்வு அடுக்கு உருவாவதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். காற்று பிய்த்தெறிவதற்கு முன்பே மரம் தானாக வெட்டுக்கோட்டைப் போட்டு வைத்துவிடுகிறது. அந்தக் கோடு முழுமையாவதற்குள் இலையில் உள்ள சரக்கை மரம் இறக்கிக்கொள்கிறது. இலையின் நைட்ரஜனில் சராசரியாகப் பாதியளவு கிளைகளுக்கும் தண்டுக்கும் திரும்பிச் சேமிப்பாகிறது. அடுத்த வசந்தத்தின் தளிர் இந்தச் சேமிப்பையும் உண்டுதான் எழும். சாகும் திசுவால் இந்தக் கணக்கு வேலையைச் செய்ய முடியாது. கடைசி வரை உயிரோடிருக்கும் இலையே இதைச் செய்கிறது.

மரத்துக்கு நாள் யார் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை, புகையிலை வயலிலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் ஆலார்டும், கோடையில் பூக்க மறுத்து உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெப்பம், ஈரம், உரம் எதை மாற்றியும் பயனில்லை. கடைசியில், பிற்பகலிலேயே செடிகளை ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைச் செயற்கையாகக் குறுக்கினார்கள். செடி பூத்தது. பகலிரவின் நீளத்தைத் தாவரங்கள் அளக்கின்றன என்பதை 1920-இல் அவர்கள் அறிவித்தார்கள். ஒளிக்காலத்துவம் என்று நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

மரங்களுக்கும் இது பொருந்துமென்று காட்டிய சான்று ஒன்று நியூயார்க் நகரத் தெருக்களில் கிடைத்தது. எட்வின் மட்ஸ்கி என்ற தாவரவியலாளர், தெருவிளக்கை ஒட்டியிருக்கும் கிளைகள் இலைகளை விடாமல் வைத்திருக்க, அதே மரத்தின் மறுபக்கம் மொட்டையாகிவிடுவதைக் கவனித்து 1936-இல் எழுதினார். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. மாலையில் நடந்துபோகும் மனிதர் தலையை உயர்த்திப் பார்த்ததுதான் செலவு. நமக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுவே என்று சொல்லிவிடுகிறோம்.

பச்சை எங்கே போகிறது என்பது இன்னும் நெடுங்காலம் பிடிபடாத புதிராக இருந்தது. தோரோ பிறந்த அதே 1817-இல்தான் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இலைப்பச்சைக்குக் குளோரோஃபில் என்று பெயரிட்டனர். நாம் பச்சையம் என்கிறோம். ஆண்டுதோறும் உலகில் அழியும் பச்சையம் நூறு கோடி டன் அளவில் இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. விண்வெளியிலிருந்தே தெரியக்கூடிய இந்த மாபெரும் வேதிவினையின் விளைபொருள் எதுவென்று 1991 வரை எவரும் கண்டுசொல்லவில்லை. நிறமுள்ள பொருள் சிதைந்தால் வேறொரு நிறமுள்ள பொருள் மிஞ்சும் என்றெண்ணி எல்லோரும் வண்ணங்களுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். கிராய்ட்லர், மட்டீல் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் பார்லி இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருளோ நிறமற்றது. கண்ணுக்குத் தெரியாததாக மாறிவிட்ட ஒன்றை அதுவரை கண்ணால் தேடியிருக்கிறார்கள்.

பச்சையம் விலகியதும் மஞ்சள் தெரிகிறது. கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் கோடை முழுவதும் இலையில் இருந்தவைதாம்; பச்சையின் ஆதிக்கத்தில் மறைந்திருந்தன. இதுவரை சிக்கல் இல்லை. சிவப்புதான் தகராறு. செம்மைக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமியைப் பல மரங்கள் அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகத் தயாரிக்கின்றன. கடையைக் கட்டப்போகும் வணிகர் முதல் நாள் கடைக்கு வண்ணமடிப்பாரா? உதிரப்போகும் இலைக்கு மரம் ஏன் செலவு செய்கிறது?

பரிணாம உயிரியலில் பெரும்புகழ் பெற்ற வில்லியம் ஹாமில்டன், சாமுவேல் பிரவுனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 2001-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹாமில்டன் காலமாகியிருந்தார். மரங்களில் முட்டையிட இலையுதிர் பருவத்தில் பறந்துவரும் அசுவினிப் பூச்சிகளுக்கு, நான் வலிமையானவன், என்னிடம் வராதே என்று மரம் விடும் எச்சரிக்கையே அந்த நிறம் என்பது அவர்கள் வாதம். 262 மர வகைகளை ஒப்பிட்டு, பகட்டான நிறம் கொள்ளும் மரங்களையே தாக்கும் அசுவினி வகைகள் மிகுதி என்று காட்டினார்கள். பகை மிகுந்த வீட்டில்தானே காவல் பலமாக இருக்கும்?

அதே ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த மிஷெல் ஹால்புரூக்கும், டேவிட் லீ, டெய்லர் ஃபீல்டு ஆகியோரும் வேறு விடை சொன்னார்கள். பச்சையம் சிதையும் நாள்களில் இலை வெயிலைத் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. குளிரும் வெயிலும் சேர்ந்த காலையில் அந்த மென்மையான திசு கருகிவிட்டால் நைட்ரஜனை மீட்கும் வேலை பாதியில் நின்றுபோகும். ஆந்தோசயனின் அதற்கு ஒரு குடை. சிவந்த இலைகளையும் மஞ்சள் இலைகளையும் ஒரேவிதமாகக் கடும் ஒளிக்கு உட்படுத்தியபோது சிவந்தவை விரைவாகத் தேறியதை அவர்கள் ஆய்வில் கண்டார்கள். எந்த விடை சரி என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒரே மரத்தில் உண்மையாக இருக்கக் கூடாதா என்று இலக்கிய மாணவர் கேட்பார். அறிவியலாரிலும் அப்படிச் சொல்வோர் உண்டு.

லீ, ஹால்புரூக் குழுவினர் 2003-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 89 மர, புதர் வகைகளின் நிறமிகளை அளந்து, அவற்றுள் 62 வகைகளில் ஆந்தோசயனின் இருக்கக் கண்டார்கள். ஆய்வு நடந்த இடம் மாசசூசெட்ஸின் பீட்டர்ஷாமில் உள்ள ஹார்வர்ட் காடு. 1907 முதல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காடாக இருந்துவருவது. தோரோவின் ஊரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் அடையத்தக்கது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் ஜான் ஓ'கீஃப். தோரோவின் கேள்விக்குத் தம் கால்களால் விடை தேடியவர் அவரே.

காட்டின் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த ஓ'கீஃப் 1990-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். காட்டுக்குள் ஒரு குறிப்பிட்ட பாதை. அதில் அடையாளமிட்ட மரங்கள், வகைக்குச் சில. வசந்தத்திலும் இலையுதிர் பருவத்திலும் சில நாள்களுக்கு ஒருமுறை அதே பாதையில் நடந்து, அதே மரங்களின் கீழ் நின்று, அண்ணாந்து பார்த்து எழுதுவார். இலையுதிர் பருவத்துக்கு அவர் கைக்கொண்ட வழி எளிமையானது. உதிர்ந்த நாளைத் தேடாமல், இன்று எத்தனை விழுக்காடு நிறம் மாறியது, எத்தனை விழுக்காடு உதிர்ந்தது என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினார். தேதி இல்லாத ஒன்றுக்கு அளவு கிடைத்தது. எல்லாம் கண் மதிப்பீடுதான். ஒரே மரத்தை இருவர் பார்த்தால் ஒருவர் நாற்பது என்பார், மற்றவர் ஐம்பது என்பார். ஆனால் முப்பதாண்டு அளவில் பார்த்தது ஒரே சோடிக் கண்கள் என்பதால், பிழை இருந்தாலும் அது ஒரே மாதிரியான பிழை. இந்த நுட்பம் நமக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விடைத்தாள் திருத்துவோர் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஓய்வுபெற்ற பின்னும் அவர் நடையை நிறுத்தவில்லை. அக்காட்டின் ஒரு நூற்றாண்டு வயதுச் செவ்வோக்கை மையமாக வைத்துப் பத்திரிகையாளர் லிண்டா மேப்ஸ் 2017-இல் ஒரு நூலே எழுதினார். அதில் ஓ'கீஃபின் நடையும் வருகிறது.

காடு மொட்டையாகிக்கொண்டிருக்கும்போது விட்ச் ஹேசல் என்னும் புதர் மட்டும் தன் மஞ்சள் பூக்களை விரிக்கும். தோரோவும் அதைப் பார்த்து மகிழ்ந்து எழுதியிருக்கிறார். பருவங்களுக்கு வேலி போட எண்ணுபவர்களைக் கேலி செய்யவே ஒரு செடி பிறந்தது போலும்!

மனிதக் கண்ணுக்கு மாற்றாகக் கருவி வந்தது இதற்குப் பின்னரே. நியூ ஹாம்ப்ஷயரின் பார்ட்லெட் காட்டில், மரங்களுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரமொன்றில் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன் குழுவினர் சாதாரண இணையக் கேமரா ஒன்றைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு படத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கூட்டுத்தொகையில் பச்சையின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் காடு தளிர்ப்பதும் முதிர்வதும் வளைகோடாகத் தெரிந்துவிடும். 2007-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையும், பாருங்கள், வசந்தத்தைப் பற்றியதுதான்! பின்னர் ஃபினோகேம் என்ற பெயரில் இது வலையமைப்பாக விரிந்து, எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களின் படங்களைச் சேர்த்தது. அரை மணிக்கொரு படம். இரவுணவுக்கு வீடு திரும்பாத, சளி பிடிக்காத கண். அதற்கும் மேலே செயற்கைக்கோள்கள். 1972 முதல் லேண்ட்சாட், 1999-இல் ஏவப்பட்ட டெர்ரா என்று அவை பூமியின் பச்சையை அளந்துவருகின்றன.

கருவிகள் பெருகியதும் பழைய கேள்வி தீரவில்லை, பன்மடங்காயிற்று. செயற்கைக்கோளின் ஒரு கட்டத்துக்குள் மேப்பிளும் ஓக்கும் பைனும் சேர்ந்தே விழுகின்றன. மேப்பிள் உதிர்ந்தபின் கீழே பச்சையாக இருக்கும் புதர் தெரிந்தால் கருவி காடு இன்னும் பச்சை என்கிறது. கேமராவோ செம்மையின் உச்சத்தைக் காட்டும். உதிர்வின் முடிவை மங்கலாக்கும். எந்த வளைகோட்டின் எந்தப் புள்ளி உண்மையான இலையுதிர் நாள் என்று சரிபார்க்க, கடைசியில் காட்டுக்குள் நடந்த மனிதரின் விழுக்காட்டுக் குறிப்பேட்டையே திறக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் தோரோவின் கட்டங்கள் புதுவாழ்வு பெற்றன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ப்ரிமாக்கும் அவர் மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் 2003 முதல் காங்கார்டில் அதே செடிகளைத் தேடி அலைந்து, 2004–06 ஆண்டுகளில் அவை தோரோ காலத்தைவிடச் சராசரியாக 7 நாள் முந்திப் பூப்பதாகக் கண்டார்கள். தோரோ பார்த்த வகைகளில் 27 விழுக்காடு அவ்வூரில் இப்போது காணப்படவே இல்லை என்பது 2008-இல் வெளிவந்த முடிவு. அதே ப்ரிமாக் 2015-இல் அமண்டா கேலினாட், டேவிட் வாக்னர் ஆகியோருடன் எழுதிய கட்டுரையொன்றில், காலநிலை மாற்ற ஆய்வுகளில் புறக்கணிக்கப்பட்ட பருவம் இலையுதிர் காலமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வசந்தத்தைத் துரத்தியவர் சொன்னது என்பதால் அதற்கு எடை கூடுதல்.

புறக்கணிப்பின் விலை என்ன? ஹவாயின் மௌன லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய கரியமிலவாயு அளவீட்டில் ஆண்டுதோறும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. மே மாதத்தில் உச்சம். வடகோளக் காடுகள் கோடை முழுவதும் வாயுவை உண்டபின் செப்டம்பர், அக்டோபரில் அடிமட்டம். அந்த உண்ணல் எந்த நாளில் நிற்கிறது என்பதுதான் இலையுதிர் தேதி. ஆகவே அது கவிஞர்களின் தேதியாக மட்டும் இருக்க முடியாது. பூமி சூடாகிறது, குளிர் தாமதமாகிறது, எனவே இலைகள் நாள்பட நின்று மேலும் உண்ணும் என்று பலர் ஆறுதல் கணக்குப் போட்டார்கள். முதல் இடி 2008-இல் விழுந்தது. வெப்பமான இலையுதிர் பருவத்தில் காடு உண்பதைவிட, மண்ணும் மரமும் சுவாசித்து வெளிவிடுவது அதிகம் என்று ஷிலாங் பியாவோ தலைமையிலான குழு எழுதியது.

அடுத்து, தாமதம் என்ற அடிப்படையே கேள்விக்குள்ளானது. 2020-இல் டெபோரா சானி குழுவினர் நடு ஐரோப்பாவில் 1948 முதல் 2015 வரை ஆறு மர வகைகளைப் பற்றித் தன்னார்வலர்கள் குறித்துவைத்த இலையுதிர் தேதிகளை ஆராய்ந்தார்கள். வசந்தத்திலும் கோடையிலும் மிகுதியாக உணவு தயாரித்த மரம், அந்த ஆண்டு இலையை முந்தியே கைவிடுவதாகத் தெரிந்தது. பானை நிறைந்தபின் உலையில் எதற்கு அரிசி? இந்நூற்றாண்டின் இறுதியில் இலையுதிர் காலம் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும் என்ற பழைய கணிப்புக்கு மாறாக, 3 முதல் 6 நாள் முந்தவே கூடும் என்றார்கள். மறுப்புகள் உடனே எழுந்தன. சூடேற்றிய அடைப்புகளுக்குள் மரம் வளர்த்துப் பார்த்தவர்கள், தாங்கள் கண்டது தாமதமே என்றார்கள். 2023-இல் கான்ஸ்டன்டின் சோனர் குழுவினர் இரு தரப்பையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர முயன்றனர். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கு, அதாவது ஜூன் 21-க்கு முன் வரும் வெப்பம் இலை முதிர்வின் தொடக்கத்தை முன்னிழுக்கிறது; அதற்குப் பின் வரும் வெப்பம் முதிர்வின் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு டிகிரிக்கு முன்னதில் ஏறத்தாழ 2 நாள் இலாபம், பின்னதில் இரண்டரை நாள் நட்டம் என்பது போன்ற கணக்கு. மரம் நாள்களை எண்ணுகிறது என்று 1920-இல் கார்னரும் ஆலார்டும் சொன்னது வேறொரு கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது.

நாம் இங்கே கவனிக்க விரும்புவது முடிவுகளைக் காட்டிலும் அவற்றின் அடியில் கிடக்கும் ஏடுகளை. சானி குழுவுக்குச் சோறிட்டவை, யாருக்கும் பெயர் தெரியாத ஐரோப்பியத் தன்னார்வலர்கள் அறுபத்தெட்டு ஆண்டுகள் எழுதிய தேதிகள். அந்த ஏடுகள் தொடர்வதற்கு எந்த உறுதியும் கிடையாது. ஜப்பானிய வானிலை நிறுவனம் 1953 முதல் நாடெங்கும் ஒரே விதிமுறையில் இவ்வேலையைச் செய்துவந்தது. மரம் முழுவதையும் பார்க்கையில் பச்சை ஏறத்தாழ இல்லாமல் சிவந்த நாள் மேப்பிளின் நிறம் மாறிய நாள். ஏறத்தாழ எண்பது விழுக்காடு உதிர்ந்த நாள் இலையுதிர்ந்த நாள் என்று அவர்கள் விதி செய்திருந்தார்கள். ஓ'கீஃபின் விழுக்காட்டை அரசாணையாக்கியது போல! அந்த ஏட்டின்படி ஜப்பானில் மேப்பிள் சிவப்பது பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று நாள் வீதம் பின்தங்கிவருகிறது. 2021 தொடக்கத்தில் அந்நிறுவனம், நகரங்களில் உரிய உயிரினங்களைக் காண்பதே அரிதாகிவிட்டது என்று காரணம் சொல்லி, 57 உயிரினங்களாக இருந்த பட்டியலை 6 தாவரங்களாகக் குறைத்தது. பறவை, பூச்சி, தவளை எல்லாம் நீங்கின. மேப்பிளும் கிங்கோவும் பட்டியலில் தப்பின. விடுபட்டவற்றைத் தன்னார்வலர்களைக் கொண்டு தொடரும் முயற்சியை வேறொரு ஆய்வு நிறுவனம் அதே ஆண்டில் தொடங்கியது.

இவற்றையெல்லாம் ஒருநாள் வகுப்பில் சுருக்கமாகச் சொன்னோம். பாடத்திட்டத்தில் இல்லாததால் பாதி வகுப்பு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. கேள்வி கேட்ட மாணவி தை மாதத்தில் ஒரு குறிப்பேட்டோடு வந்தார். கல்லூரி வாயிலருகே நிற்கும் நாட்டு வாதுமை சிவந்து கொட்டத் தொடங்கியிருந்தது. குளிருக்கு அஞ்சாத நம் ஊரில் செக்கச்செவேலென்று இலை சிவக்கும் மரம் அது ஒன்றைத்தான் நமக்கு உடனே சொல்லத் தெரியும். தினமும் காலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் கீழ் நின்று எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் "இன்று உதிர்ந்தது" என்றெழுதி அடித்திருந்தார். அடுத்த நாள் "பாதி" என்றெழுதி அதையும் அடித்திருந்தார். அதற்கடுத்த நாள் முதல் வெறும் எண்கள்: 55, 60, 60.

"இந்த இரண்டாவது அறுபது சரியா என்று தெரியவில்லை ஐயா. நேற்று வாயில்காவலர் அண்ணன் முன்னதாகவே பெருக்கிவிட்டார்" என்றார்.